ஞானத் தகப்பனின் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்

டென்னிஸ் ஆடத் தெரியாதவன் தோற்றால் ராக்கெட்டைக் குறை சொல்வான். அரைகுறையாகத் தெரிந்தவன் அதில் கட்டியிருக்கும் ஸ்ட்ரிங்கைக் குறை சொல்வான். நான் இரண்டாவது ரகம்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் வேலை. சாயங்காலமானால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருக்கும் சிமென்ட் கோர்ட்டில் டபுள்ஸ். என் ஜோடி, மனைவியின் அண்ணன் சேவியர் மச்சான். அந்த வருஷம் யார்டு போட்டியில் தப்பித் தவறி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். ஃபைனல் சனிக்கிழமை. மறுநாள் ராயபுரம் கோயிலில் மச்சானின் மகளுக்கு ஞானஸ்நானம். பல வருஷம் ஏங்கிப் பெற்ற பிள்ளை. சொந்தத்தில் எத்தனையோ பெரிய மனிதர்கள் இருக்க, ஞானத் தகப்பனாக நிற்கச் சொல்லி மச்சான் கேட்டது என்னைத்தான். குழந்தையை ஏந்திப் பிடிப்பது என் பொறுப்பு.

பொறுப்புள்ளவன் அந்த வாரம் கையைப் பத்திரமாக வைத்திருப்பான். நான் வீடியோ பார்த்தேன். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் போட்டால் பந்து பம்பரமாகச் சுழலுமாம். சுழற்சிக்கு ஒரு வகை, கட்டுப்பாட்டுக்கு ஒரு வகை, நீடித்து உழைப்பதற்கு ஒரு வகை. (எனக்கு மூன்றும் வேண்டும். சாம்பார், ரசம், மோர் மூன்றையும் ஒரே நேரத்தில் இலையில் ஊற்றச் சொல்கிற ஆள்தானே.) சுழற்சிக்காக விளிம்பு வைத்த ஸ்ட்ரிங், சீக்கிரம் அறாமலிருக்க இருப்பதிலேயே தடிமன், கட்டுப்பாட்டுக்காக முடிந்தவரை இறுக்கம் என்று கடையில் சொல்லிக் கட்டி வாங்கினேன். வேகமாக வீசத் தெரியாதவர்கள் இதைத் தொட வேண்டாம், கை போய்விடும் என்று அந்த வீடியோவின் கடைசியில் சொல்கிறார்களாம். நான் பாதியிலேயே கடைக்குக் கிளம்பியிருந்தேன்.

மச்சான் ஸ்ட்ரிங்கைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஜன்னல் கம்பி கட்டிகினு வந்துகீற?"

சனிக்கிழமை ஃபைனலில் பந்து சுழலவில்லை. கை வேகமாக வீசினால்தான் சுழலும். அந்த வேகம் கடையில் கிடைப்பதில்லை. அடித்ததெல்லாம் வலையில் போய் விழ, கோபத்தில் இன்னும் ஓங்கி அடித்தேன். ஒவ்வொரு அடியும் முழங்கையில் வந்து இறங்கியது. ஒரே ஒரு கேம் ஜெயித்தோம், அதுவும் எதிராளி சர்வீஸைச் சொதப்பிய புண்ணியத்தில். கோப்பை போனது; எதிராளிகளுக்குக் கை கொடுத்துவிட்டு வந்த மச்சான் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஞாயிறு காலை சட்டைப் பட்டனை மனைவிதான் போட்டுவிட்டாள். கோயிலில் சிலுவை அடையாளம் போட நெற்றிவரை கை ஏறவில்லை. குனிந்து, நெற்றியைக் கையிடம் கொண்டுபோனேன். பிறகு மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு யாராவது பிள்ளையைப் பிடிக்கட்டும் என்றேன்.  அவர் காதில் வாங்காமல் குழந்தையை என் கையில் வைத்தார்.

ஃபாதர் தண்ணீர் ஊற்றப்போன நேரம் முழங்கை நடுங்கியது. பிடி நழுவப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் கைக்கு அடியில் வந்து நின்றது.

"வுட்றாத மாப்ள. அடில நா கீறேன்."

குழந்தை அழவில்லை. நான் அழுதேன். (பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.) கோப்பையைக் கெடுத்தவனை நம்பி, தான் பெற்ற பிள்ளையைக் கொடுத்த மனுஷன் அவர். அந்தக் கைக்கு இன்றுவரை என்னால் நன்றி சொல்லி முடியவில்லை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் எதைத் தூக்கினாலும், அது காபி டம்ளராகவே இருந்தாலும், வீட்டில் யாராவது அடியில் கை நீட்டுவார்கள். போன கிறிஸ்துமஸுக்குக் கேக் தட்டோடு எழுந்தேன். அவள் ஓடி வந்து இரண்டு உள்ளங்கையையும் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"வுட்றாத ஞானப்பா. அடில நா கீறேன்."

பாதி பாரத்தை அவளிடம் விட்டுவிட்டு நடந்தேன்.