அமெரிக்காக்காரிக்குப் போன சிரிப்பு

"மாஃபின்னா அரபியில 'கிடையாது'. இந்தியில 'மன்னிப்பு'. இதை மனசுல வச்சுக்கோ சந்திரா, இதுலதான் விஷயமே இருக்கு" என்று விஜயபாஸ்கர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ம்."

"எங்க கம்பெனி பாண்டித்துரை போய் லீவு கேட்டிருக்கான். எகிப்துக்கார மேனேஜர் கையை விரிச்சு 'மாஃபி லீவ், மாஃபி லீவ்'னு கத்தியிருக்கார். இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஐயய்யோ, எவ்வளவு பெரியவங்க நீங்க, எங்கிட்டப் போயி மன்னிப்புக் கேட்டுக்கிட்டு! விடுங்க சார்'னுட்டு நேரா போய் ஊருக்கு டிக்கெட் போட்டுட்டான்!"

சொல்லிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். புதுசாக வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"இன்னொரு பஜ்ஜி வைக்கவா?" என்றாள் சந்திரகலா.

"வேண்டாம்."

"அப்போ நான் கொஞ்சம் மார்னி பாக்கப் போறேன்."

டம்ளரை எடுத்துக்கொண்டு போனவள் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே டேப்லெட்டில் அமெரிக்கக் கூட்டம் ஒன்று கொல்லென்று சிரித்தது. அந்தக் கூட்டத்தையெல்லாம் அமுக்கிக்கொண்டு சந்திரகலாவின் சிரிப்பு கிளம்பியது. முதலில் ஒரு கெக்கலி, அப்புறம் மூச்சு முட்டல், கடைசியில் "அம்மாடி, முடியலையே" என்று ஒரு முனகல்.

விஜயபாஸ்கர் பஜ்ஜித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தினமும் இதே கூத்து. அவர் சொன்னால் சுவர். அவள் சொன்னால் அருவி.

அவள் என்றால் மார்னி டக்வெல். அமெரிக்க டிவியின் நகைச்சுவை நடிகை. பல் டாக்டர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்க்கும் அசட்டுப் பெண்ணாக ஒரு தொடரில் வருகிறவள். சந்திரகலா எங்கிருந்தோ அவளைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

ஷார்ஜா தொழில்பேட்டையில், ஏசிக் குழாய் செய்யும் கம்பெனியில் விஜயபாஸ்கர் அக்கவுன்டன்ட். பொங்கல் விழா மேடையில் அவர் மைக்கைப் பிடித்தால் பின்வரிசைக் குழந்தைகள்கூட எழுந்து நின்று பார்க்கும். கல்யாணமான புதிதில் சந்திரகலாவும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். இப்போது மகனும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டான். வீட்டில் மிச்சம் இரண்டு பேர். அதில் ஒருவர் சிரிக்கவைக்க ஆசைப்பட்டு, இன்னொருவர் சிரிக்க மறுத்தால் அந்த வீட்டில் எப்படி இருப்பது? மனைவி வேறொரு ஆணைப் பார்த்துச் சிரித்தால் சண்டையாவது போடலாம். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பெண்பிள்ளையோடு என்னவென்று சண்டை போடுவது?

மறுநாள் மாலை, அலுவலகத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக வைஃபை பெட்டியின் வயரை உருவினார்.

"நெட் போச்சு சந்திரா. கம்பெனிக்காரன் வர ரெண்டு நாளாகுமாம்."

"அப்படியா" என்றாள் அவள்.

உற்சாகமாக ஒரு ஜோக் சொன்னார், போலீஸ்காரரிடம் மாட்டிய பெங்காலி டிரைவர் பற்றி. சந்திரகலா கடைசி வரை கேட்டாள். அப்புறம் செருப்பை மாட்டினாள்.

"நாகு வீட்டுல பாத்துட்டு வாரேன்."

நாகு என்கிற நாகவள்ளி எதிர் ஃபிளாட். சற்று நேரத்தில் இரண்டு கதவுகளையும் தாண்டிச் சிரிப்புச் சத்தம் வந்தது. இந்தத் தடவை இரண்டு குரலில். மறுநாள் காலையில் லிஃப்ட்டில் பார்த்தபோது, நாகவள்ளி அவரைக் கண்டதும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மார்னி தெருவையே பிடித்துவிடுவாள் போலிருந்தது. விஜயபாஸ்கர் சத்தம் போடாமல் வயரை மறுபடி சொருகினார்.

எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் ஜெயிக்க முடியாது என்று முடிவு செய்தார். அலுவலகத்தில் மேஜைக்கடியில் ஃபோனை வைத்துக்கொண்டு மார்னியின் பூர்வோத்தரம் முழுவதையும் படித்தார். மெத்தை விளம்பரத்தில் தூங்கியபடி அறிமுகமானவள். ஆஸ்பத்திரித் தொடரில் இரண்டே வசனம் பேசும் நர்ஸ். அப்புறம் யாருடைய தொடரிலோ பக்கத்து வீட்டுக்காரியாக வந்து, கதாநாயகியைவிட அதிகக் கைதட்டு வாங்கி, அந்தத் தொடரையே சுருட்டிக்கொண்டாள். ('பக்கத்து வீட்டுக்காரிகளே இப்படித்தான்' என்று பல்லைக் கடித்தார்.) அதன்பின் சொந்தத் தொடர், விருது, பத்திரிகை அட்டை. நடுவில் எடுத்த ஒரு தொடர் மட்டும் முதல் சீசனிலேயே ஊற்றி மூடிக்கொண்டது. அதைப் படித்த அன்று விஜயபாஸ்கர் இரண்டு சமோசா கூடுதலாகச் சாப்பிட்டார்.

அன்று ஸ்டோர்கீப்பர் செய்கு அலாவுதீனிடம் மாஃபி ஜோக்கைச் சொன்னார். காயல்பட்டினத்துக்காரர் அவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பைக் கண்டதும் விஜயபாஸ்கருக்கு நாக்கு நிற்கவில்லை. டீ நேரத்தில் நடித்துக் காட்டினார். சாப்பாட்டு நேரத்தில் எகிப்துக்காரர் குரலில் சொன்னார். நாலாவது முறை அவர் வருவதைப் பார்த்ததும் அலாவுதீன் ஒரு பெரிய குழாய்க்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஸ்டாக் எடுக்கேன் பாஸ்கர், அப்புறம் வா" என்றார்.

'இவருக்குச் சிரிப்பு வருகிறது. கட்டினவளுக்கு வரவில்லை. அப்படியானால் குறை ஜோக்கில் இல்லை, உடம்பை ஆட்டாததில் இருக்கிறது' என்று விஜயபாஸ்கருக்குத் தோன்றியது.

மார்னியின் பேர்போன வித்தை ஒன்று உண்டு. கேக்கை ஏந்தி வரும்போது கால் வழுக்கும். ஒரு சுற்றுச் சுற்றி, கேக்கைக் காப்பாற்றி, நிம்மதிப் பெருமூச்சோடு அதன்மேலேயே உட்காருவாள். கேக்குக்குப் பதில் கேசரி என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மாலை, கேசரித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். வழுக்குகிற மாதிரி நடிக்க வேண்டிய இடத்தில் நிஜமாகவே வழுக்கினார். சுற்றினார். கேசரி சுவரில், மூக்குக்கண்ணாடி கேசரியில், அவர் தரையில்.

"ஐயோ, என்னங்க!" என்று ஓடிவந்தாள் சந்திரகலா. முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கிளினிக்குக்குப் போன டாக்ஸியில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். இடது மணிக்கட்டில் சுளுக்கு, இடுப்பில் வீக்கம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து, அவரைத் தலையணை வைத்து சோபாவில் சாய்த்து, மாத்திரை கொடுத்து, போர்வையும் போர்த்தினாள்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அசையாம படுங்க. நான் அஞ்சு நிமிஷம் மார்னி பாத்துட்டு வாரேன்."

அன்றைக்கு உள்ளேயிருந்து வந்த சிரிப்பு மாதிரி அதற்கு முன் வந்ததில்லை. கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். 'அவள் விழுந்தால் சிரிப்பு, நான் விழுந்தால் மாத்திரையா?' விஜயபாஸ்கருக்குக் கண் கலங்கியது. இடுப்பு வலியால் அல்ல.

அடுத்த வாரம் தெய்வம் கண் திறந்தது. ஃபோனில் ஒரு செய்தி. மார்னி டக்வெல் நகைச்சுவையை விட்டு விலகுகிறாள். இனி கனமான வேடங்கள் மட்டுமே. அன்றைக்கே வெளியாகியிருக்கும் புதிய தொடரில், கணவனைப் பறிகொடுத்த மீனவப் பெண். முதல் பாகம் முழுக்க அழுகை.

விஜயபாஸ்கர் கராச்சிக் கடையில் லட்டு வாங்கி அலுவலகம் முழுக்கக் கொடுத்தார்.

"என்ன விசேஷம் பாஸ்கர்?" என்றார் அலாவுதீன்.

"ஒருத்திக்கு வேலை போயிருச்சு பாய்."

"அல்லாஹ்! சொந்தமா?"

"வீட்டுக்குள்ளயே இருந்தா."

டேப்லெட்டின் பட்டியலிலிருந்து பல் டாக்டர் தொடரை அடியோடு நீக்கிவிட்டு, மீனவப் பெண்ணைச் சேர்த்து வைத்தார். மாலை காபி வந்தது. பழக்க தோஷத்தில் ஒரு ஜோக்கும் வந்தது.

"பாண்டித்துரை லீவு முடிஞ்சு வந்துட்டான் சந்திரா. ஏர்போர்ட்டுல அவன் பெட்டியை ஸ்கேன் பண்ணினா, உள்ள பூராவும் ஸ்பிரிங் ஸ்பிரிங்கா தெரிஞ்சிருக்கு. 'வாட் இஸ் திஸ்?'னு ஆபீசர் மிரட்டியிருக்கார். இவன், 'முறுக்கு சார். மை மதர் இன் லா மேட். ஏர்போர்ட் நோ டேஞ்சர். ஒன்லி டீத் டேஞ்சர்'னானாம்!"

சுவர்.

"நான் போய் மார்னி பாக்கேன்" என்று எழுந்தாள் சந்திரகலா.

"பாரு பாரு. புதுசு ஒண்ணு வந்திருக்கு. நல்லா இருக்குமாம்" என்றார் அவர், குரலில் தேன் வடிய.

கதவு சாத்தியது. விஜயபாஸ்கர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு முதல் விசும்பலுக்காகக் காத்திருந்தார். உள்ளே கடலலைச் சத்தம். தேவாலய மணி. பாதிரியார் ஒருவர் அடித்தொண்டையில் ஜபம் சொன்னார். சவப்பெட்டியின்மேல் மண் விழுகிற சத்தம் கூடக் கேட்டது. மார்னி குரல் உடைந்து கதறினாள்.

சந்திரகலா சிரித்தாள். கெக்கலித்து, மூச்சு முட்டி, "அம்மாடி, முடியலையே" என்று முனகி, மறுபடி முதலிலிருந்து சிரித்தாள்.

விஜயபாஸ்கர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். புருஷனைப் புதைக்கிற இடத்திலேயே இப்படிச் சிரிக்கவைக்கிறாள் என்றால் இவள் மனுஷியே இல்லை, கலைவாணி. இனிப் போட்டி போட்டு என்ன பயன்? தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காற்று வாங்க வெளி வராந்தாவுக்கு வந்தார்.

எதிர் ஃபிளாட் வாசலில் நாகவள்ளி குப்பைப் பையோடு நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, ஊர்ல யாருக்கும் ஏதாவது...?"

"எனக்குத்தாம்மா" என்றார். இத்தனை நாள் அடக்கிவைத்தது உடைந்து கொட்டியது. "இருவது வருஷமா வாய் வலிக்கப் பேசுதேன், இப்பல்லாம் ஒரு சிரிப்புக் கிடையாது. இடுப்பு ஒடிய விழுந்தேன், கிடையாது. அந்த அமெரிக்காக்காரி பொணத்துக்கு முன்னால நின்னு ஒப்பாரி வைக்கா. அதுக்கு இவ உருண்டு உருண்டு சிரிக்கா! நான் அப்படி என்னம்மா கொறைஞ்சு போயிட்டேன்?"

நாகவள்ளி குப்பைப் பையைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து வந்த சிரிப்பைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாள்.

"காபிக்கு இன்னைக்கு என்ன ஜோக் சொன்னீங்க அண்ணாச்சி?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கீங்க? முறுக்கு ஜோக்கு. இப்போ அதுவா முக்கியம்?"

"அட போங்க அண்ணாச்சி, அந்த மார்னியை அவ என்னைக்குப் பாத்தா? உங்க முன்னால சிரிச்சா அதே ஜோக்கை ஒரு வாரத்துக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லுவீங்கன்னு பயந்து, அந்தப் பொம்பளையைச் சத்தமா அலறவிட்டுட்டு, உள்ள உக்காந்து உங்க ஜோக்குக்குத்தான் சிரிக்கா!"