தறி ஓடிய அமாவாசை

பழையதெல்லாம் பாரம்பரியம் என்று மேலிடம் சுற்றறிக்கை விட்ட வருஷம் அது. ஆரணியில் இடிக்க இருந்த சினிமா கொட்டகையில் 'கற்புக்கு ஒரு கதவு' என்ற படத்தின் பெட்டி அகப்பட்டது. பகலில் ஒழுக்கம் பேசி, இருட்டியதும் ஒரு விதவையின் சுவரேறும் பெரிய மனிதர்களின் கதை. வயது வந்தவர்களுக்கு மட்டும். நாற்பது வருஷத்துக்கு முன்பு ஒரே நாள் ஓடியது. ஊரே கொதித்தெழுந்து நிறுத்தியது.

இது பாரம்பரியமா, ஆபாசமா? பார்த்து முடிவு சொல்ல, கண்ணியவான்கள் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நடுநிலை கெடக்கூடாதே. ஆகவே, முன்பே படம் பார்த்தவர் குழுவில் இருக்கலாகாது என்பது விதி.

குழுவின் தற்காலிக உதவியாளர் சூர்யகலா, சேவூர் நெசவுக் குடும்பத்தின் முதல் பட்டதாரி.

"குழு அறிக்கை குடுத்துட்டா உன் வேலை பர்மனென்ட். குழு கலைஞ்சா நீயும் வீட்டுக்குத்தாம்மா" என்றிருந்தார் அதிகாரி சுப்பராயலு.

முதல் கூட்டத்தில் உறுப்பினர்களின் வாக்குமூலம். படம் ஓடிய நாளில் எங்கே இருந்தீர்கள்?

"தறியில ஒக்காந்துகினு இருந்தேன்" என்றார் பட்டு வியாபாரி ஜெயவேல்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பவுல்துரைக்குத் தறி கிடையாது. "நான் அவர் நெய்யறத பார்த்துகினு இருந்தேன்" என்றார்.

சூர்யகலா பெட்டியோடு கிடைத்த பழைய போஸ்டரைப் பார்த்தாள்: 'ஆடி அமாவாசை முதல்'. எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"சார், படம் வந்தது ஆடி அமாவாசைங்க. அமாவாசைன்னா நெசவுக்கு லீவாச்சே, ஆரணியில எந்தத் தறிங்க ஓடும்?"



"படிச்ச பொண்ணுங்கள வச்சாலே பேஜாருதான்" என்றார் ஜெயவேல்.

சுப்பராயலு கண்மூடி யோசித்தார். பிறகு சொன்னார்: "எழுதும்மா. மேற்படி அமாவாசை, ஆரணி நகரைப் பொறுத்தமட்டில், முன்தேதியிட்டு வேலை நாளாகக் கருதப்படுகிறது."

அவள் பேனாவைப் பார்த்தாள். வேலையை நினைத்தாள். எழுதினாள்.

பிறகு படம் பார்த்தார்கள். "இப்ப கதவு தொறக்கும் பாருங்க" என்று பவுல்துரை சொன்ன பிறகே கதவு திறந்தது. அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை. படம் ஆபாசமான பாரம்பரியம் என்று அறிக்கை போனது. சூர்யகலாவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் நீண்ட வரிசை. எல்லாரும் அறுபது தாண்டிய ஆண்கள். அமாவாசைத் தீர்மானத்தின் நகல் வேண்டுமாம். நடுவில் அவள் அப்பா.

"எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றார் தணிந்த குரலில். "அந்த அமாவாசைக்கு எங்க இருந்தீங்கன்னு, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒங்கம்மா கேட்டுகினே இருக்கா."

சூர்யகலா முத்திரையை எடுத்தாள். நிரந்தர ஊழியராக அவள் வழங்கிய முதல் சான்று அது.