செங்கோணம் மறந்த கட்டம்

உலகத்தில் ஒரு கோடுகூடக் கோணலாகப் போடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் அலுவலகத்தில் பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேன்தான். வாழ்நாளில் அவர் செய்த ஒரே தவறு ஒரு நாள் காலை ஒன்பது நாற்பதுக்கு வெளியே வந்தது. அந்த நேரத்தில் என் பதினாறு வயது மகள் அந்தத் தவறைக் கையில் பிடித்துக்கொண்டு பரமக்குடியில் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

ராமநாதபுரத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் மேஜை எனக்கு எதிரே. 'செங்கோணம்' என்பது நாங்கள் வைத்த பெயர். பதினோரு வருஷமாக யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. செருப்பைக் கழற்றினால் வாசற்படிக்குச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாக விடுவார். நம் செருப்பையும் திருத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். ஓட்டை மையத்தில் இல்லை என்று உளுந்தவடையைத் திருப்பிக் கொடுப்பார். புதிதாக வந்த அதிகாரியின் அறைக்குள் ஒருமுறை மூலைமட்டத்தோடு போய், "மேஜை ரெண்டு டிகிரி விலகி நிக்குது சார், கொஞ்சம் எந்திரிங்க" என்றார். அதிகாரியும் எழுந்தார்.

வழி கேட்டால் வாயால் சொல்ல மாட்டார். டிரேசிங் பேப்பரில், அளவு வைத்துப் படமாக வரைந்து தருவார்.

என் மகள் கவிதாவுக்குப் பரமக்குடியில் ஜியாமெட்ரி டிராயிங் பரீட்சை. தனியாகத்தான் போவேன் என்று பிடிவாதம். முந்தின நாள் மாலை அவரிடம் வழி கேட்டேன். பஸ் ஸ்டாண்டு ஒரு சதுரம், கோயில் ஒரு முக்கோணம், பள்ளி ஒரு வட்டம் என்று பென்சிலில் வரைந்தார்.

"தெருப் பேரு எழுதலையாண்ணே?"

"படத்துக்குள்ள எதுக்குத் தங்கச்சி எழுத்து? எல்லாம் கீழ் மூலைக் கட்டத்துலதான். இருங்க, போட்டுத் தாரேன்."

வலது கீழ் மூலையில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் போடாமல் அவர் எந்தத் தாளையும் கைவிட்டதில்லை. வீட்டுக்குப் போகும் பஸ் போய்விடுமே என்று நான்தான் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் ஒன்பது நாற்பதுக்கு அவர் கையிலிருந்து பென்சில் விழுந்தது.

"தங்கச்சி, கட்டம் போடலை."

"அதனால என்னண்ணே?"

"டிரேசிங் பேப்பரு ரெண்டு பக்கமும் தெரியும். ஒரு எழுத்தும் இல்ல. பாப்பா புரட்டிப் பிடிச்சா வலது இடதாயிரும்."

பத்து மணிக்குப் பரீட்சை. பத்தரைக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். பள்ளிக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அவர் அதே படத்தை மறுபடி வரைந்து, தாளைப் புரட்டி, டிவைடர் முனையால் ஓரிடத்தில் குத்தினார்.

"புரட்டிப் பிடிச்சிருந்தா இப்ப இங்கன நிக்கும். சாயப்பட்டறைக்குப் பின்னால. அங்கருந்து மூணு சென்டிமீட்டர்ல ஆறு."

"ஆறா?"

"நூத்தம்பது மீட்டர் இருக்கு. பயப்படாதீக, வைகையில தண்ணி கிடையாது."

நான் அழ ஆரம்பித்தேன்.

பரமக்குடியில் நூல் கடை வைத்திருந்த தன் மைத்துனரைப் போனில் பிடித்தார். "மாப்ள, பஸ் ஸ்டாண்டு மையத்துல இருந்து வடமேற்கா நாப்பத்தஞ்சு டிகிரில..."

மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "யோவ் மச்சான், டிகிரி கிடக்கட்டும்யா. பிள்ளை என்ன கலர் சுடிதாரு, அதச் சொல்லும்."

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பட்டறைக்குப் பின்னால் நூல் காய்கிறது, இரண்டு ஆடு நிற்கிறது, பிள்ளை இல்லை. பள்ளிக்கும் போனாராம், கேட்டைப் பூட்டிவிட்டார்கள், வாட்ச்மேன் பேசவே விடவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் மறித்தார். "நீங்க அங்கிட்டுப் போக, பாப்பா இங்கிட்டு வர, இணைகோடு மாதிரி ரெண்டு பேரும் சந்திக்கவே மாட்டீக. உக்காருங்க."

பிறகு நாற்காலியை வாசலில் போட்டு அவரும் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. வாசற்படியில் அவர் செருப்பில் ஒன்று தெருவைப் பார்த்துக் கிடந்தது, மற்றொன்று கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

மூன்று மணிக்குக் கவிதா வந்தாள். பரீட்சை சுலபம் என்றாள்.

"பாப்பா, எந்தப் பக்கம் பிடிச்ச?" என்றார் அவர்.

"விரலால தடவிப் பாத்தேன் மாமா. ஒரு பக்கம் பென்சில் கரி ஒட்டுச்சு, அதான் மேல்பக்கம். நீங்க கட்டம் போட மறந்துட்டீங்க. பஸ்ஸுலயே நான் போட்டுட்டேன்."

தாளை நீட்டினாள். ஓடும் பஸ்ஸில் வெறுங்கையால் போட்ட கட்டம். நான்கு மூலையில் ஒன்றுகூடத் தொண்ணூறு டிகிரி இல்லை. உள்ளே எழுதியிருந்தாள்: 'வரைந்தவர்: செங்கோணம் மாமா. சரிபார்த்தவர்: கவிதா.'

வீட்டில் நான் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. நான் டைப்ரைட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அவர் நெடுநேரம் படித்தார். ரப்பரை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டார்.

"சரியாத்தான் இருக்கு ஆத்தா" என்றார்.