உருளைக்கிழங்குப் பையில் ஒரு உளவு வேலை

நேற்று எனக்கு ஒரே வேலைதான். கொட்டகலை பஜாருக்குப் போய் அஞ்சு கிலோ உருளைக்கிழங்கு வாங்கி வருவது.

போன இடத்தில் சவரமும் செய்துகொள்ளலாம் என்று சலூனில் உட்கார்ந்தேன். அங்கே டிவியில் படம்.

யுத்தப் படம். ஒரு தையற்காரப் பொண்ணு எதிரி முகாமுக்குள் வேவு பார்க்கப் போகிறாள். பாட்டு இல்லை, காதல் இல்லை. காப்பாற்ற ஒருத்தன் வருவான் என்று பார்த்தால் அவனும் இல்லை. எல்லாம் அவளேதான்.

திருடின வரைபடத்தை எதிரித் தளபதியின் கோட்டுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறாள். அந்த ஆளே அதைச் சுமந்துகொண்டு எல்லாக் காவலையும் தாண்டுகிறான். பக்கத்தில் அவள், கண் இமைக்காமல். என்ன துணிச்சல்!

சலூன்காரர் கத்தியை என் தொண்டையில் வைத்தபடி டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கத்தி."

"அசையாதீங்க ஐயா. அவளே மூச்சு விடாம நிக்கிறா, உங்களுக்கு என்ன அவசரம்?"

எங்கள் மலைக் குளிரில் சலூன் கண்ணாடி வேர்ப்பது வழக்கம்தான். நேற்று வேர்த்தது பயத்தில். நம்பினால் நம்புங்கள்.

வெளியே வந்தபோது நான் பழைய ஆள் இல்லை. கிழங்கோடு ஒரு கிலோ கித்துள் மரத்துக் கருப்பட்டியும் வாங்கினேன். எனக்குச் சீனி வியாதி. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்து நாலு மாசம் ஆகிறது. வீட்டில் அவ்வளவு காவல்.

கிழங்குக்கு நடுவில் புதைத்தேன். படத்தில் பார்த்த மாதிரி எதிரியையே சுமக்க வைப்பது என்று திட்டம்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரே மழை. என் சம்சாரம் லெட்சுமி குடையோடு நின்றாள். கண் இமைக்காமல் பையை நீட்டினேன்.

"இடுப்பு புடிச்சுக்கிச்சு புள்ள. நீ கொஞ்சம் தூக்கு."

முப்பத்தஞ்சு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் அவள். கொழுந்து நிறுக்கிற தராசடியில், தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிற கணக்கப்பிள்ளை அரை கிலோ குறைத்துச் சொன்னாலும் விடமாட்டாள். அது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

பையை ஒரு தடவை தூக்கினாள். கீழே வைத்தாள்.

"எத்தன கிலோ வாங்குனீங்க?"

"நீ சொன்ன அஞ்சுதான்."

"ஆறுக்கு மேல இருக்கே."

"மழையில நனைஞ்சிருச்சு. ஈரம்."

"தண்ணிக்குக் கழிச்சிட்டேன். சாக்குக்கும் கழிச்சிட்டேன். அப்பவும் ஒரு கிலோ நிக்குது."

நான் இமைக்கவில்லை. அவளும் இமைக்கவில்லை. கையை உள்ளே விட்டு, முத்தின இலையைப் பொறுக்கிற மாதிரி கருப்பட்டியை வெளியே எடுத்தாள்.

"வியாழக்கிழமை கிளினிக்கு. சீனி எறங்கலேன்னா ஊசிதான்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இத லயத்துல எல்லாருக்கும் நீங்களே ஒடச்சுக் குடுங்க."

குடுத்தேன். லயத்து வரிசையில் இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் என் கண் முன்னாலேயே கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தார்கள்.

படத்தில் அந்தப் பொண்ணு தப்பித்தது துணிச்சலால் மட்டுமில்லை. எதிரிப் படையில் கொழுந்து எடுத்த பொம்பளை ஒருத்திகூட இல்லை.