பந்துவீச்சாளரின் மலர்வும் உதிர்வும்

பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் ஒருவருக்கு ரசிகையாக இருப்பது முழுநேர வேலை. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. அவர் ஓய்வு பெற்றாலும் நமக்கு ஓய்வு கிடையாது, ஏனென்றால் ஆள் எப்படியும் திரும்பி வந்துவிடுவார்.

என்னுடைய ஆளும் அப்படித்தான். (பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பெயரை ஒரு தடவை பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் சுவர்களில் ஒட்டியதே இந்த ஆயுளுக்குப் போதும்.) அணிக்கு வந்த முதல் வருடமே உலகத்தை மிரட்டினார். அடுத்த வருடம் தோள்பட்டை போனது. குணமாகி வந்து அணித்தலைவரோடு சண்டை பிடித்து வெளியே போனார். தலைவர் மாறினார், இவர் உள்ளே வந்தார், புதிய தலைவரோடும் சண்டை பிடித்தார். ஒரு சுற்றுப்பயணத்துக்கு விமான நிலையம் வரை போய், பாஸ்போட்டை வீட்டில் விட்டுவிட்டதைக் கண்டுபிடித்தார். இவ்வளவையும் நான் பாரிஸ் புறநகரான செவ்ரானில் என் அறையில் இருந்தபடி, திருட்டு இணைய ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஓடிவரும்போது படம் உறைந்துவிடும். மறுபடி அசையும்போது பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே கிடக்கும்.

"உனக்கு விசர் பிடிக்க வேற ஆள் கிடைக்கேல்லையே?" என்பார் அப்பா.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் இரண்டாவது தடவையாக, கண்ணீருடன் ஓய்வை அறிவித்தார். நானும் அழுதேன். அந்தக் கோடையில் அவர் பாரிசுக்கு வருகிறார் என்று தெரிந்தது. லா சப்பல் மெட்ரோவுக்குக் கொஞ்சம் கீழே தொலைபேசிக் கடை வைத்திருக்கும் இக்பால், அவருடைய மனைவியின் தம்பி. இக்பாலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு: வில்லியே லே பெல்லில் விளையாடும் பாகிஸ்தான் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர். அவர்களிடம் நகரசபை அனுமதியோடு ஒரு மைதானம் இருந்தது.

எங்கள் தமிழ்க் கிரிக்கெட் கழகத்தின் தலைவர் அப்பா. எங்களிடம் மட்டை இருந்தது, பந்து இருந்தது, உணவகம் ஒன்றின் பெயர் போட்ட சட்டை இருந்தது. மைதானம் மட்டும் இல்லை. பொண்டி பூங்காவில் நாய் கொண்டுவருபவர்கள் துரத்தினார்கள். செவ்ரானில் உதைபந்தாட்டப் பொடியன்கள் துரத்தினார்கள். கடைசியாக ஒரு கார் நிறுத்துமிடத்தில் விளையாடி, ஒரு கண்ணாடி உடைந்து, நாங்களாகவே ஓடினோம்.

இக்பால் அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னார். மச்சான் வருகிற ஞாயிறு, அவர்களுடைய மைதானத்தில் இரண்டு கழகமும் சேர்ந்து அவருக்கு ஒரு பிரியாவிடை வைக்கலாம். எல்லாம் மரியாதையாக நடந்தால் ஞாயிறு பின்னேரங்களில் மைதானம் எங்களுக்கும் உண்டு.

"பிள்ளை, உன்ர ஆள் வாறார்," என்றார் அப்பா சாப்பாட்டு மேசையில். "நோட்டீஸ் நீதான் எழுதோணும். வடிவான தமிழா இருக்கோணும். எங்கட சனம் நிறைய வரோணும், இல்லாட்டி இக்பாலுக்கு முன்னால வெட்கம்."

அது ஒரு வேலையா என்று பிரெஞ்சில் பதில் சொன்னேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். ஆனால் என் "வடிவான தமிழ்" பள்ளியில் வந்ததல்ல. வாராவாரம் அம்மா லா சப்பலில் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம், நான் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களை வாசித்து வளர்ந்தவள். பிறந்த ஆண்டுக்கு மலர்வு, இறந்த ஆண்டுக்கு உதிர்வு, அன்னார், உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும். அவை மரண அறிவித்தல்கள் என்று தெரியும். (அவ்வளவு மொக்கு இல்லை.) ஆனால் அந்தச் சொற்கள் பொதுவாகவே நல்ல தமிழ், எங்கும் பாவிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு நல்ல கோட் சூட்டைக் கலியாண வீட்டுக்கும் போடலாம், செத்த வீட்டுக்கும் போடலாம் அல்லவா, அதுபோல.

ஆகவே அவர் முதல் போட்டி விளையாடிய ஆண்டுக்கு முன்னால் "மலர்வு" என்று போட்டேன். ஓய்வு பெற்ற ஆண்டுக்கு முன்னால் "உதிர்வு". கீழே, "தன் வேகத்தால் எம்மை மகிழ்வித்து எம்மிடமிருந்து விடைபெற்ற அன்னாரைக் காண, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஞாயிறு பிற்பகல் மைதானத்துக்கு வருகை தருமாறு கேட்டுக்கொள்கின்றோம்." வாசிக்க வாசிக்க எனக்கே புல்லரித்தது. அதை அச்சகம் வைத்திருக்கும் மணியண்ணைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"தங்கச்சி, படத்தைப் பாத்தா ஆள் சின்ன வயசு போல கிடக்கு?"

"ஓம் அண்ணை. இன்னும் கொஞ்ச வருசம் இருந்திருக்கலாம். தோள்பட்டைதான் விடேல்லை."

"தோள்பட்டையாலயும் போகுதோ?"

"வேகப்பந்தெல்லே அண்ணை. கனபேர் அப்பிடித்தான் போறவை."

"சரி தங்கச்சி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் வடிவாச் செய்து, பொடியங்களைக் கொண்டு ஒட்டுவிக்கிறன்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்து லா சப்பல் மெட்ரோ படிகளில் இறங்கி வந்தால், எதிரே ஒரு கடைக் கண்ணாடியில் அவர். முட்டை வடிவச் சட்டத்துக்குள், சுற்றிவரத் தாமரைப் பூக்களோடு. கீழே எரிகிற குத்துவிளக்கு, பக்கத்தில் கூப்பிய கைகள். நான் அனுப்பிய படமோ, அவர் விக்கெட் எடுத்துவிட்டு ஒரு விரலை வானத்துக்கு நீட்டிச் சிரிக்கிற படம். கொஞ்சநஞ்சச் சந்தேகம் இருந்தவர்களுக்கும் அந்த விரல் எல்லாவற்றையும் உறுதிப்படுத்தியது.

முன்னால் ஒரு அன்ரி மரக்கறிப் பையோடு நின்றார். "பாவம். எத்தினை பிள்ளையளோ தெரியேல்லை," என்று என்னிடமே சொன்னார். "பிரேதத்தை எங்கை எடுக்கினமாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இக்பாலின் அழைப்பு. பிரெஞ்சில் தொடங்கி நடுவில் பஞ்சாபிக்குப் போய்த் திரும்பி வந்தார். இறைச்சிக் கடைக்காரர் சுவரொட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அது லண்டன் போய், லாகூர் போய், இப்போது இக்பாலின் அக்கா வீட்டில் அயலவர்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். பந்துவீச்சாளரோ விமானத்தில். கைபேசி வேலை செய்யாது.

"தமிழ் எனக்குத் தெரியாது," என்றார் இக்பால். "ஆனால் பதினைந்து வருடமாக இந்தத் தெருவில் கடை வைத்திருக்கிறேன். பூவும் விளக்கும் இரண்டு ஆண்டும் போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்."

"அது அவருடைய ஓய்வை..."

"விளக்கு ஏன்?"

"அலங்காரத்துக்கு."

"மைதானத்தை மறந்துவிடு," என்று துண்டித்தார்.

கிழிக்கத் தொடங்கினேன். மணியண்ணையின் பசை முதல்தரம். தாமரை வந்தது, விளக்கு வந்தது, அந்த விரல் மட்டும் கண்ணாடியை விட்டு வர மறுத்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றபோது பின்னால் ஒரு குரல்: "செத்த மனிசன்ர படத்தைக் கிழிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பிள்ளையே?"

"அவர் சாகேல்லை," என்றேன்.

"ஓம் ஓம், கலைஞனுக்குச் சாவில்லைதான். அதுக்கு ஏன் கிழிக்கிறாய்?"

நல்ல வேளையாக, சாயந்தரம் பந்துவீச்சாளர் விமானத்தால் இறங்கி மனைவியோடு கதைத்தார். இறந்துபோன கணவன் பயணப்பை வர நேரமாகிறது என்று புறுபுறுத்ததும் மனைவிக்கு நம்பிக்கை வந்துவிட்டதாம். இக்பால் விழாவை நிறுத்திவிடச் சொன்னார். ஆனால் பந்துவீச்சாளர், தன்னைக் கொன்ற கழகத்தை நேரில் பார்க்காமல் போகமாட்டேன் என்றுவிட்டார்.

ஞாயிறு வந்தது. எங்கள் கழகத்தின் எந்தப் போட்டிக்கும் வராத கூட்டம் வில்லியே லே பெல் மைதானத்துக்கு வந்தது. முக்கால்வாசிப் பேர் கறுப்பு உடுப்பு. அப்பா வாசலில் நின்று, "செத்த வீடு இல்லை, பிரியாவிடை. உள்ள வாங்கோ, வடை கிடக்கு," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். சிலருக்கு ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது.

அப்பாவின் கூட்டாளி கந்தையா மாமா மட்டும் தாமதமாக, ரயிலிலும் பேருந்திலும் ஒரு பெரிய மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பாவைக் கவனிக்காமல் நேரே மேடைக்கு நடந்தார். அங்கே அன்னார் எழுந்து நின்று கை நீட்டினார். மாமா ஆளைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இவருக்குச் சொல்லு," என்றார் என்னிடம். "இதைத் திருப்பி வீட்டை கொண்டு போகேலாது. கூடாது."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பந்துவீச்சாளர் குனிந்து தலையை நீட்ட, மாமா வளையத்தைக் கழுத்தில் போட்டுவிட்டார். மைதானமே சிரித்தது. இக்பால் மட்டும் சிரிக்காமலிருக்கப் பெரும் பாடுபட்டார், கடைசியில் தோற்றார்.

பந்துவீச்சாளர் சுவரொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு சொல்லாக என்னை மொழிபெயர்க்க வைத்தார். அதைவிடத் தரைக்குள் இறங்கியிருக்கலாம். "எங்கள் தேர்வாளர்கள் என்னைப் பலமுறை புதைத்திருக்கிறார்கள்," என்றார். "பூ வைத்தது நீங்கள்தான்." பிறகு "உதிர்வு" ஆண்டில் விரலை வைத்து, குரலைத் தாழ்த்தினார். "இது பிழை. யாருக்கும் சொல்லாதே. போன வாரம் கிரிக்கெட் சபையோடு பேசிவிட்டேன்."

துள்ளியிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுது முடித்து, கவிதைத் தமிழில் வழியனுப்பி, நகம் தேயச் சுரண்டியிருக்கிறேன். இதை ஒரு வாரம் முந்திச் சொன்னால் என்ன?

மைதானம் கிடைத்தது. இக்பால் வைத்த ஒரே நிபந்தனை, நாங்கள் இனி எதையும் அச்சடிக்கக் கூடாது. இன்றைக்கும் நாங்கள் ஆடுகளத்தில் இறங்கும்போது பாகிஸ்தான் பொடியன்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மௌனமாக நிற்கிறார்கள். என் ஆளோ அந்தக் குளிர்காலமே அணிக்குத் திரும்பினார். இரண்டாவது போட்டியில் தோள்பட்டை போனது. மூன்றாவது ஓய்வு. "மணியிட்டைச் சொல்லி வருசத்தை மட்டும் மாத்தி அடிப்பமே?" என்று கேட்டார் அப்பா.

படிப்பு முடிந்து, போன வருடம் எனக்கு முதல் வேலை கிடைத்தது. நிரந்தரம் இல்லை, தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் போட்ட ஒப்பந்தம். பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார்.

"மலர்வு செப்டெம்பர்," என்றார். "உதிர்வு பெப்ரவரி."

குசினிக்குள்ளிருந்து அம்மா சொன்னார்: "தோள்பட்டையைக் கவனமாப் பாக்கச் சொல்லுங்கோ. திரும்பவும் வேலைக்கு எடுப்பினம்."