டபுள் ஃப்யூஸின் புது இசை

"கேசட்டுல கோளாறு இல்ல தம்பி. இவனுங்க பாட்டே இப்படித்தான் போல."

"இல்ல பாய், நல்லாக் கேளுங்க. யாரோ தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு தும்முற மாதிரி இருக்கு. டபுள் ஃப்யூஸ்னா தெருவே அதிரணும்!"

விஷ்ராந்த்வாடியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த இர்பான் பாய், திருப்புளியால் நெற்றியைச் சொறிந்துகொண்டார். பாஸ்கரின் டேப்ரெக்கார்டர் வயிறு திறந்து மேசைமேல் கிடந்தது.

பாஸ்கருக்கு அவசரம். டபுள் ஃப்யூஸ் என்பது அதே நகரத்தின் சாங்விப் பகுதியைச் சேர்ந்த இரண்டு பையன்கள், ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர். அவர்களுடைய புது ஆல்பத்துக்கு மறுநாள் மாலைக்குள் விமர்சனம் கொடுத்தாக வேண்டும். நன்றாக வந்தால் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் வாராவாரம் எழுதலாம் என்று ஆசிரியை தீப்தி சொல்லியிருந்தாள். அவளிடம், "முதல் ஆல்பம் எனக்கு மனப்பாடம்" என்று அளந்துவிட்டிருந்தான். உண்மையில் அதை அவன் கேட்டது ஒரே ஒருமுறை, கணபதி சிலையைக் கரைக்கப் போகும் விசர்ஜன ஊர்வலத்தில், லாரி ஸ்பீக்கருக்குப் பின்னால் ஆடிக்கொண்டே. மனதில் நின்றது 'டம் டம்' மட்டும்.

"மோட்டார் ஸ்லோவா ஓடுது" என்று பாய் ஒரு திருகைத் திருகினார்.

கேசட்டுக்குள் நாலைந்து அணில்கள் சண்டை போட ஆரம்பித்தன.

"பாய், இது ரொம்ப வேகம்!"

"அரே, இருப்பா. ரயிலைப் பிடிக்கப் போறியா?"

இன்னொரு திருகைத் தொட்டார். வேகம் பழையபடி விழுந்தது, கூடவே டேப்ரெக்கார்டர் நாடாவை மென்று விழுங்கத் தொடங்கியது. பாய் ஒரு முழம் நாடாவை வெளியே இழுத்தார். கசங்கியதை வெட்டி, மிச்சத்தை செல்லோடேப்பால் ஒட்டினார். அதில் ஒரு துண்டு புறம் மாறி ஒட்டிக்கொண்டது. அந்த இடம் வந்தால் இசை மங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பியது.

"இதுக்கு மேல என்னால ஆகாது. அல்லா மேல பாரத்தைப் போட்டுட்டு எழுது" என்றார் பாய்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான். முதல்முறை தலை வலித்தது. ஆனால் அவன் மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்துப் பழகியவன். புரியாத பத்துப் பக்கங்களைத் தாண்டினால் எங்காவது ஒரு ஜன்னல் திறக்கும் என்று நம்புகிறவன். நான்காம் முறை ஜன்னல் திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போன இசை அங்கே யாரைப் பார்க்கிறது? அதைத் தெரிந்துகொள்ளவே மறுபடி மறுபடி ஓடவிட்டான்.

'இவர்கள் பழைய இடியை விட்டுவிட்டார்கள். இப்போது கடலுக்கடியில் ஒரு கதவைத் தட்டுகிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை விமர்சனம் வந்தது. பத்து மணிக்கு தீப்தி போன் செய்தாள்.

"ஆபீஸ் முழுக்க உன் பேச்சுதான். அடுத்த வாரத்திலேர்ந்து இளைஞர் பக்கத்துப் பத்தி உனக்குத்தான். அப்புறம், டபுள் ஃப்யூஸ் கிருஷ்ணா உன் அட்ரஸ் கேட்டான், குடுத்துட்டேன்."

பாஸ்கர் போனை வைத்துவிட்டு டேப்ரெக்கார்டரைப் பார்த்தான். வெட்டி ஒட்டிய கேசட் விஷயம் தீப்தி காதுக்குப் போனால் பத்தி முதல் வாரத்திலேயே முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்புமணி அடித்தது. ஒல்லியாக ஒருவன், கையில் அந்தச் செய்தித்தாளோடு.

"நான் கிருஷ்ணா. நீங்கதான இதை எழுதினது?"

"ஆமா... அதுல பாருங்க, கேசட்டை வெட்டி ஒட்டினதுல கொஞ்சம்..."

"அடுத்த சனிக்கிழமை எங்க ஷோ சார். இதைப் படிச்சிட்டு ஒரே நாள்ல டிக்கெட் எல்லாம் போயிடுச்சு."

"அப்ப சந்தோஷம்தான?"

கிருஷ்ணா நாற்காலியில் உட்கார்ந்தான். டேப்ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"புது ஆல்பத்தை நாங்க இன்னும் ரெக்கார்டே பண்ணல சார், அவசரத்துல புது அட்டைக்குள்ள முதல் ஆல்பம் கேசட்டையே வெச்சு அனுப்பிட்டோம். இப்ப வர்றவங்க எல்லாம் நீங்க எழுதினதைத்தான் கேப்பாங்க. அந்தக் கேசட்டை ஒரு வாரம் குடுக்கறீங்களா, கேட்டு வாசிச்சுப் பழகிக்கறோம்?"