கரண்ட் போனதும் எழுந்திருப்பவர்

வீட்டில் கரண்ட் இருக்கும்வரை இவரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. நாற்காலியில் சாய்ந்திருப்பார், செய்தித்தாளைப் புரட்டுவார், எது கேட்டாலும் "ம்" என்பார். மின்விசிறி நிற்கட்டும், எழுந்துவிடுவார். வீட்டுக்கு ஒருவர் வீதம் உலகெங்கும் பரவியிருக்கும் இந்த இனத்துக்குக் 'கரண்ட் நிபுணர்' என்று பெயர். படித்த படிப்பு, பார்க்கிற உத்தியோகம் எதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தெரிந்த நிபுணர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறார். அந்தச் சரித்திர வாத்தியார் நான்தான்.

கரண்ட் போனால் நிபுணர் முதலில் எதைப் பார்ப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஃப்யூஸையா? எதிர்வீட்டை. ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி, அங்கே தொலைக்காட்சிச் சத்தம் கேட்கிறதா, விசிறி சுற்றுகிறதா என்று துப்பறிந்து, அங்கேயும் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வருமே, அது சம்பள உயர்வுக்குக்கூட வராது. "ஊருக்கே போயிடுச்சு" என்று அறிவிப்பார். போன கரண்ட் பாதி திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும் அவர் குரல்.

அடுத்து டெஸ்டர். தெருவுக்கே கரண்ட் இல்லாதபோது டெஸ்டரால் என்ன பிரயோஜனம் என்று நீங்கள் கேட்பீர்கள். நிபுணர் கேட்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து அதை உருவி ஒவ்வொரு பிளக்காகக் குத்திப் பார்த்து, "இதுல இல்ல", "இதுலயும் இல்ல" என்று அறை அறையாகத் தகவல் கொடுத்துக்கொண்டே போவார். நான் ஒருமுறை குளியலறை வரைக்கும் போயிருக்கிறேன்.

இதெல்லாம் சாதாரண நாளில். போன மாதம் நடந்தது சாதாரண நாளில் இல்லை. என் மகளுக்கு அன்று பதினொன்றரை மணிக்கு நேர்காணல். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்பதால் நேர்காணலும் கணினி வழியாகத்தான். எட்டு மாதமாக விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போன பெண்ணுக்கு இறுதிச் சுற்றுவரை வந்த ஒரே இடம் அது. அவளுடைய கணினியோ, பிளக்கைப் பிடுங்கினால் அந்த நொடியே மூச்சை விட்டுவிடும். எங்கள் வீட்டுக்குள் செல்போனில் சிக்னல் ஒரு கோட்டுக்குமேல் ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. எனக்குப் பரீட்சை விடுமுறை. எழுந்தேன்.

எதிர்வீடு, டெஸ்டர் எல்லாம் முறைப்படி ஆனதும், வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்தேன். பாதுகாப்பு முக்கியம் இல்லையா? மெயின் சுவிட்சை அணைத்தேன். "யாரும் மெயினைத் தொடக்கூடாது, உயிர் விஷயம்" என்று உள்ளே பார்த்து உத்தரவு போட்டேன். ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊதி, வேட்டியில் துடைத்து, திரும்பவும் செருகினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் ஊதினேன். ஊதாமல் செருகுகிறவன் நிபுணன் இல்லை.

பத்தே முக்காலுக்கு எதிர்வீட்டில் மிக்சி அலறியது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓட ஆரம்பித்தது. தெரு முழுக்க வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் விசிறி அசையவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்கம்பத்தைப் பார்த்தேன்.

"ஒரு ஃபேஸ் போயிருக்கு" என்றேன்.

"அப்பா, மெயினை..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"அதைத் தொடாதே. ஒரு ஃபேஸ் போயிருக்கிறப்ப மெயினைப் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டேன். என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. நல்லவேளையாக அவள் கேட்கவில்லை.

புகார் அலுவலகத்துக்கு அடித்தேன். ஐந்தாவது முறை ஒருவர் எடுத்தார். பிரச்சினையைச் சொல்லச் சொன்னால், மனிதர் அலுத்துப்போகும் அளவுக்கு அதன் வரலாற்றைச் சொன்னேன். "லைன்மேன் வருவார் சார்" என்று வைத்துவிட்டார். மணி பதினொன்று. மகளின் முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அவளோ ஒரு நிமிடம் மீட்டர் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, ரொம்பக் கனிவாகச் சொன்னாள். "அப்பா, லைன்மேனுக்கு நம்ம வீடு தெரியாது. வேற சந்துக்குள்ள போயிட்டா என்ன பண்றது? நீங்க தெருமுனைல போய் நில்லுங்களேன். உங்களாலதான் அவருக்கு சரியா எடுத்துச் சொல்ல முடியும்."

எப்பேர்ப்பட்ட பெண் பாருங்கள். இந்த வீட்டில் என் அருமை தெரிந்த ஒரே ஜீவன். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். அந்தப் பக்கம் வந்த ஒரு தபால்காரரையும் இரண்டு பால்காரர்களையும் லைன்மேன் என்று நினைத்து மறித்தேன். பதினொன்றே முக்காலுக்கு நிஜமான லைன்மேன் சைக்கிளில் வந்தார். நேர்காணல் நேரம் தாண்டிவிட்டதே என்று பதறி, அவரோடு ஓடிக்கொண்டே ஃபேஸ் போன கதையை விளக்கினேன்.

வாசலில் மனைவி வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாத்திய அறைக்குள்ளிருந்து மகள் நிதானமாகப் பேசுவது கேட்டது.

"எப்ப வந்துது?" என்றேன் கிசுகிசுப்பாக.

"நீங்க முனை திரும்பினதும். மெயினைத் தூக்கி விட்டா."

லைன்மேன் பெட்டியை எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"எனக்கு இந்த ஏரியா பதினாறு வருஷமா அத்துப்படி சார்" என்றார். "ஆனா எந்தத் தெருவுக்குப் போனாலும் முனைல ஒருத்தர் வழி காட்ட நிப்பார். வீட்ல போய்ப் பார்த்தா கரண்ட் வந்திருக்கும்."

எனக்கு அவமானம்தான். ஆனால் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் குரல் கேட்கக் கேட்க, இன்னும் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. வேலை கிடைத்துவிட்டது.

"கடைசியா என்ன கேட்டாங்க?"

"வீட்ல இருந்து வேலை பார்க்கிறப்ப கரண்ட் போனா எப்படி சமாளிப்பீங்கன்னு கேட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்னே?"

"அப்பாவை வெளியே அனுப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல வந்துடும்னு சொன்னேன். அதைக் கேட்டதும் கேள்வி கேட்ட மேனேஜர் தலையைச் சொறிஞ்சார். அவரையும் இன்னிக்குக் காலைல கரண்ட் போனதும் மெழுகுவத்தி வாங்க அனுப்பினாங்களாம்."

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் விஷயம் தெரிந்தவர். ஆனாலும் அடுத்த முறை கரண்ட் போய், வீட்டில் யாராவது ரொம்பக் கனிவாக உங்களை ஒரு வேலைக்கு வெளியே அனுப்பினால், எதுவும் கேட்காமல் போய்விடுங்கள். தெருமுனையில் நிழல் பக்கமாக நில்லுங்கள். அந்தப் பக்கம் வெயிலில் நிற்பவர் அநேகமாக என்னைப் போல ஒருவராகத்தான் இருப்பார். பேச்சுத் துணைக்கு ஆச்சு.